தெரியாதவருக்கு எட்டு வரி, தெரிந்தவருக்கு ஒரு வரி

லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களை எப்படி வெளியே கொண்டுவருவது என்று அந்தக் கம்பெனி ஒரு புத்தகம் போட்டிருந்தது. எண்பத்தாறு பக்கம். வழவழப்பான தாள், பளபளப்பான அட்டை. விஷயம் நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. அதற்கு முன்னால் நாற்பது பக்கமும் கம்பெனியின் பெருமை, மின்சார வரைபடம், பல் சக்கரங்களின் கணக்கு. அவசரத்துக்குப் புரட்டுகிறவர் அதையெல்லாம் தாண்டி வருவதற்குள் உள்ளே இருப்பவர்களுக்குப் பாதி உயிர் போய்விடும்.

அப்படித்தான் நடந்தது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில், பகல் பதினோரு மணிக்கு, கை நிறையச் சாமான் வாங்கி வந்த பெண்மணி ஒருவரும் பல் வைத்தியர் ஒருவரும் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டார்கள். மெக்கானிக் வந்து சேர இரண்டரை மணி நேரம். அதுவரை அந்தக் கட்டடத்துக் காவலாளி மொட்டைமாடியில் உள்ள மெஷின் ரூமில் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் கம்பெனியிலிருந்து விசாரிக்கப் போன பெண்ணிடம் அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"படிச்சேம்மா. ரெண்டு தடவை படிச்சேன். எல்லாம் தெரிஞ்சவங்க எழுதினதுன்னு நல்லாவே தெரிஞ்சுது. நான் என்ன செய்யணும்னுதான் தெரியல."

விசாரிக்கப் போனவள்தான் கையேட்டக்கா. கம்பெனியில் வாசல் முதல் மேல்மாடி வரை எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கம்பெனி விற்கிற ஒவ்வொரு மெஷினோடும் போகிற கையேடுகளை எழுதுவது அவள் வேலை. இருபத்திரண்டு வயதில் டைப்பிஸ்டாக வந்தவள். பொறியாளர்கள் கோழி கிளறியது போல எழுதிக் கொடுப்பதைப் பதினான்கு வருஷம் ஒரு எழுத்து பிசகாமல் டைப் அடித்தாள். ஒருநாள் ஏதோ ஒரு பக்கத்தின் நடுவே விரலை நிறுத்திவிட்டு, "சார், இதை யாரு படிப்பாங்க?" என்று கேட்டுவிட்டாள். "யாரு வேணாலும் படிக்கலாம்மா" என்றார் அறையில் இருந்த பொறியாளர் ஒருவர் பெருந்தன்மையாக. "யாரு வேணாலும்னா யாரும் படிக்கமாட்டாங்கன்னு அர்த்தம் சார்" என்றாள் இவள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். "அப்படின்னா நீங்களே எழுதுங்க" என்று அந்த வேலையை அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

புத்தகத்தோடு காவலாளி உட்கார்ந்திருந்த கதை மேலிடத்துக்குப் போனதும், இனி ஒவ்வொரு மெஷின் ரூம் சுவரிலும் காவலாளிகளுக்காக ஒரே ஒரு அட்டை மாட்டப்பட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதே சமயத்தில் கம்பெனி புது மாதிரி மெஷின் ஒன்றை இறக்கியிருந்தது. நூற்று நாற்பது கட்டடங்களுக்குப் போகப் போகிறது. முதல் அட்டை அதற்குத்தான்.

தலைமைப் பொறியாளர் அந்த மெஷினைக் கரைத்துக் குடித்தவர். பாதி அவர் வரைந்ததுதான். அவரே ஒரு அட்டை எழுதிக் கொண்டுவந்தார். ஆறே வரி. ஆனால் ஒவ்வொரு வரியும் ரயில் பெட்டி நீளம். 'ரோப் குறியீடும் சட்டகத்தின் ஆதாரக் கோடும் ஒன்றிணையும் நிலை வரை' என்று ஒரு இடத்தில் இருந்தது.

"நம்ம ஆளுங்க எட்டு பேர் படிச்சுப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

"அவங்க எட்டு பேருக்கும் ஏற்கெனவே தெரியுமே சார். தெரிஞ்சதைப் படிச்சா யாருக்கும் புரியத்தான் செய்யும். தெரியாத ஆள் ஒருத்தர், அட்டையை மட்டும் வெச்சுக்கிட்டு, லிஃப்டை இறக்கிக் காட்டட்டும். அப்புறம் அச்சுக்குப் போகலாம்."

"ஏம்மா, ஒரு அட்டைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

ஆர்ப்பாட்டம்தான். அவள் ஒற்றைக்காலில் நின்றாள். தொழிற்சாலை வளாகத்தில் ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு சோதனைக் கோபுரம் இருந்தது. அதில் புது மெஷின் பூட்டிய லிஃப்ட் ஒன்று ஓடியது. அதை நடுவழியில் நிறுத்தி வைத்து, மெஷின் தெரியாத ஒருவரைத் தேடிப் பிடித்து, மேலே அனுப்புவது ஏற்பாடு. ஆபத்து வந்தால் தடுக்க ஒரு மெக்கானிக் பக்கத்தில் வாய் திறக்காமல் நிற்பார். லிஃப்டுக்குள் மணல் மூட்டை போதும் என்றார்கள். "மணல் மூட்டை என்ன தப்புன்னு வெளியே வந்து சொல்லாது" என்று ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு மூட்டையோடு அவளும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் வந்தவர் தொழிற்சாலை வாசல் காவலாளி. 'சுவிட்சை அணை' என்று எழுதியிருந்தாள். மெஷின் ரூம் சுவரில் நான்கு சுவிட்சுகள் இருந்தன. மனிதர் நான்கையும் அணைத்துவிட்டு, விளக்கும் அணைந்த அறையில், அட்டையைக் கையில் பிடித்தபடி கும்மிருட்டில் நின்றார். "போட்டிருக்கிறபடிதான் செஞ்சேன் அக்கா" என்று அவர் வருத்தப்பட்டபோது, "நீங்க செஞ்சது சரிண்ணா, நான் எழுதினதுதான் தப்பு" என்றாள். மறுநாளே அந்த ஒரு சுவிட்சுக்கு மட்டும் சிவப்புப் பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பினாள். வரியும் மாறியது: 'சிவப்புச் சுவிட்சை மட்டும் கீழே இறக்கு.'

அடுத்தவர் கேன்டீனில் டீ போடுகிறவர். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். ஆனால் யாரும் எதுவும் சொல்லாமல் லிஃப்ட் திடீரென்று அசைந்தபோது, உள்ளே இருந்த அக்கா, மெஷினைப் பற்றி அத்தனையும் தெரிந்த அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டாள். கீழே வந்ததும் முதல் வேலையாக, இருந்த எல்லா வரிகளுக்கும் மேலே ஒரு வரி சேர்த்தாள்: 'முதலில் லிஃப்ட் நிற்கும் மாடிக்குப் போ. கதவருகே நின்று, லிஃப்ட் மெல்ல அசையும், கதவைத் தொடாதீர்கள் என்று உள்ளே இருப்பவர்களிடம் சொல்.' பொறியாளர் இதைப் பார்த்துவிட்டு, "இது டெக்னிக்கல் விஷயமே இல்லையே" என்றார். "உள்ளே உக்காந்து பாருங்க சார்" என்றாள்.

மூன்றாவதாக வந்த பெருக்கித் துடைக்கிற அம்மாதான் அவளை உண்மையிலேயே ஆட்டிவைத்தவர். புது மெஷினில் பிரேக் லீவரை இழுத்தால் லிஃப்ட் எடைக்குத் தக்கபடி தானாகவே நகரும், விட்டால் நிற்கும். இழுத்து விட்டு, இழுத்து விட்டு, சாண் சாணாகக் கொண்டுவர வேண்டும். 'லீவரை இழு' என்பது ஐந்தாவது வரி. 'உடனே விடு' என்பது ஆறாவது வரி. அந்த அம்மா இழுத்தார். இழுத்தபடியே அடுத்த வரி என்ன என்று பார்க்க மூக்குக் கண்ணாடியைத் தேடினார். லிஃப்ட் சர்ரென்று ஓடி, வேகம் மிஞ்சினால் தானே பிடிக்கிற பாதுகாப்புக் கொக்கி பிடித்து, தடாலென்று நின்றது. முக்காலி ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். முழங்கையில் நல்ல சிராய்ப்பு.

"இழுன்னு போட்டிருந்துச்சு, இழுத்தேன். விடுன்னு போட்டிருக்கிறதைப் படிச்சுட்டு விட்டேன்" என்றார் அந்த அம்மா அழாக்குறையாக.

அக்கா அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, முழங்கையில் மருந்துகூடப் போடாமல் மேஜைக்குப் போய் இரண்டு வரியையும் ஒன்றாக்கினாள். 'லீவரை இழு, "ஒன்று" என்று வாய்விட்டுச் சொல், விட்டுவிடு.' அப்புறம், 'கம்பிக் கயிற்றில் உள்ள மஞ்சள் பட்டை, சட்டத்தில் உள்ள சிவப்புக் கோட்டுக்கு நேராக வந்ததும் நிறுத்து.' இப்படி ஒன்பது முறை எழுதினாள். ஒருமுறை செய்து பார்த்தவரை மறுபடி கூப்பிடவே மாட்டாள். "அவருக்குத் தெரிஞ்சு போச்சு. இனிமே அவரு எனக்கு ஆகமாட்டாரு" என்பாள். தெரியாதவர்களைத் தேடி அவள் அலைந்த அலைச்சலைப் பார்த்து அக்கவுன்ட்ஸ் பிரிவில் சிலர் அவளைக் கண்டதும் ஒளிய ஆரம்பித்தார்கள். ஒன்பதாவது அட்டையை வைத்துக்கொண்டு, தபால் கொடுக்க வந்த ஒருவர் பதினோரு நிமிஷத்தில் லிஃப்டை இறக்கிவிட்டார். மொத்தம் எட்டு வரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் மதியச் சாப்பாடு. அக்காவும் அவள் வீட்டுக்காரரும் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு அங்கே போவது வழக்கம். தம்பி அதே கம்பெனியில் மெக்கானிக். இருபது வருஷத்துக்கு முன்னால் அவனுக்காக விண்ணப்பம் டைப் அடித்துக் கொடுத்தது அவள்தான். பழைய மெஷின் அவனுக்கு அத்துப்படி. சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். அட்டையின் நகல் ஒன்றை அவள் பெருமையோடு நீட்டினாள். அவன் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னக்கா இது, குழந்தைப் பாட்டு மாதிரி? 'ஒன்று என்று சொல்'லாம்! விட்டா 'கதவைத் திறந்து வெளியே அனுப்பு'ன்னும் போடுவ போலிருக்கு."

"போட்டாச்சுடா. எட்டாவது வரி. நீ இன்னும் அதுவரைக்கும் படிக்கல."

"எனக்கு எதுக்கு இது? நான் என்ன வாட்ச்மேனா?"

"உனக்கில்லைதான்" என்று சிரித்தபடி அட்டையை வாங்கி மடித்துக்கொண்டாள். சொல்லும்போது அதில் ஒரு தவறும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அட்டைகள் நூற்று நாற்பது சுவர்களில் ஏறின. இரண்டே வாரத்தில் ஒரு காவலாளி போன் செய்தார். ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் ஒன்பது நிமிஷத்தில் இறக்கிவிட்டாராம். 'ஒன்று' என்று தான் சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும் என்றார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்றாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், தம்பியின் மனைவி அலுவலகத்துக்கே போன் செய்தாள். "அண்ணி, அவருக்குக் கையில அடிபட்டுடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க" என்றாள்.

புது மெஷின் பூட்டிய கட்டடம். லிஃப்ட் நின்றிருந்தது, உள்ளே ஆள் இல்லை. தம்பி போய்ச் சுவிட்சை இறக்கினான். வலது கையால் பிரேக் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இருபது வருஷப் பழக்கத்தில் இடது கையைச் சக்கரத்தில் வைத்தான். பழைய மெஷினில் அதுதான் முறை. பிரேக்கைத் திறந்தாலும் சக்கரம் அசையாது. கையால்தான் சுற்ற வேண்டும். புது மெஷினின் சக்கரம் ஓடத் தொடங்கியது. சுட்டுவிரலும் நடுவிரலும் கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவே போய்விட்டன. இரண்டிலும் நுனிக்கணுவுக்கு மேலே இருந்ததைக் காப்பாற்ற முடியவில்லை.

கட்டுப்போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தவன், அக்காவைப் பார்த்ததும் முதலில் சொன்னது வலியைப் பற்றி அல்ல.

"அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் சுவிட்சைப் போட்டுட்டான்க்கா. நான் இறக்கி வெச்சதை அவன் மறுபடி மேலே தூக்கிவிட்டிருக்கான். இல்லேன்னா சக்கரம் எப்படி ஓடும்? பக்கத்துலதான் நின்னான். நான் கம்பெனிக்குப் புகார் எழுதிக் கொடுத்துட்டேன்."

சுவிட்சை யாரும் போடவில்லை என்பது அக்காவுக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த நிலையில் கிடப்பவனிடம் என்னவென்று சொல்வது? "சுவத்துல அட்டை இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருந்துச்சு. பாத்தேன். உன் அட்டைதானேன்னு படிக்கல."

அவள் வெளியே வந்து, தாழ்வாரத்தின் கடைசி ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். தம்பி என்பதற்காக அழுதது ஒரு பங்கு. காவலாளி, மெக்கானிக் என்று இரண்டு பேர் அந்த மெஷினைத் தொடப் போகிறார்கள் என்று தெரிந்திருந்தும் ஒருவருக்கு மட்டும் எழுதிவிட்டுக் கால் தரையில் பாவாமல் திரிந்தோமே என்று அழுதது மற்ற பங்கு. தெரியாதவர்களைத் தேடித் தேடி அலைந்தவள், தெரிந்தவன் எப்படிப் படிப்பான் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

மறுநாள் தலைமைப் பொறியாளர் அறையில் கூட்டம். புது மெஷினில் சக்கரம் தானாக ஓடும் என்று மெக்கானிக்குகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் இருக்கிறதே என்றார் அவர். இருந்தது. பதினான்கு பக்கச் சுற்றறிக்கையில் பதினோராம் பக்கம், ஒரு பத்தியின் நடுவில்.

"உங்க அட்டையை மெக்கானிக்குகள் மதிக்கலை. அது குழந்தைங்க சமாசாரம் மாதிரி இருக்கு. நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். அதை எடுத்துடலாம். சுற்றறிக்கையையும் சேர்த்து ரெண்டு பக்கத்துக்கு ஒரே அட்டை. காவலாளிக்கும் அதுதான், மெக்கானிக்குக்கும் அதுதான். திங்கட்கிழமை அச்சுக்குப் போகுது."

"மதிக்கலைங்கிறது சரிதான் சார்" என்றாள் அவள். சண்டைக்குத் தயாராக இருந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "நான் அவங்களுக்கு எழுதவே இல்ல. அது என் தப்புதான், யார் மேலயும் போடமாட்டேன். ஆனா ரெண்டு பேரையும் ஒரே தாள்ல உக்கார வெச்சா, காவலாளிக்குப் புரியாது, மெக்கானிக் படிக்கமாட்டான். அடுத்த தடவை உள்ளே மாட்டிக்கிறவங்களும் தவிப்பாங்க, மேலே இன்னொருத்தன் விரலும் போகும். என் அட்டையைக் கிழிக்காதீங்க. மெக்கானிக்குக்குத் தனியா ஒண்ணு நான் தரேன்."

"எப்போ?"

"திங்கட்கிழமைக்குள்ள."

வெளியில் நூற்று நாற்பது மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஐம்பத்தெட்டு மெக்கானிக்குகளும் அவற்றுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். அவள் அன்று மாலைக்குள் இருபத்து மூன்று வரி எழுதினாள். புது மெஷினைப் பற்றி ஒரு மெக்கானிக் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாமே அதில் இருந்தது. எழுதி முடித்ததும் அவளுக்கே கொட்டாவி வந்தது. தம்பி இதை எத்தனாவது வரியில் தூக்கி எறிவான் என்று நினைத்துப் பார்த்தாள். இரண்டாவது வரியில். சரி, அவனையே எறியச் சொல்வோம் என்று வியாழக்கிழமை அவன் வீட்டுக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அந்தக் காவலாளியை வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி வந்திருந்தது. "நல்லா வேணும் அவனுக்கு" என்றான். அக்கா தாளையும் பென்சிலையும் அவன் முன்னால் வைத்தாள்.

"உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் அடிச்சுக்கிட்டே வா."

"எதுக்கு?"

"அடிடா. எனக்கு வேலை மிச்சம்."

அக்கா எழுதியதை அடிப்பது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அவன் உற்சாகமாகிவிட்டான். "சுவிட்சை இறக்கணுமாம். தெரியும்." ஒரு கோடு. "எல்லா மாடிக் கதவும் மூடியிருக்கான்னு பாக்கணுமாம். அடடா, இது தெரியாமத்தான் இருபது வருஷம் ஓட்டிட்டேன்!" இன்னொரு கோடு. பத்து வரி போனது, பன்னிரண்டு வரி போனது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அவன் மனைவிக்கு, விபத்துக்குப் பிறகு அவன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்ததில் கண் கலங்கிவிட்டது.

பதினேழாவது வரியில் பென்சில் நின்றது. அவன் ஒருமுறை படித்தான். மறுபடியும் படித்தான்.

"இது என்னக்கா? பிரேக்கைத் திறந்தா சக்கரம் தானா ஓடுமா? கரன்ட் இல்லாமலா?"

"ஆமாண்டா. இதுல பல் சக்கரப் பெட்டியே கிடையாது. கயிறைப் பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கிறது பிரேக் மட்டும்தான். அதை விட்டா எடை இருக்கிற பக்கம் ஓடத்தான் செய்யும்."

அவன் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்போ அந்த ஆள் சுவிட்சைப் போடலை" என்றான்.

"போடலை."

"இது எனக்குத் தெரியாதுக்கா" என்று சொல்லிவிட்டு, இருபத்தைந்து வருஷமாக அக்கா பார்த்திராத விதத்தில் உடைந்து அழுதான். அழுது முடித்ததும் மனைவியிடம் போனை வாங்கி, கம்பெனிக்குப் பேசி, தான் எழுதிக் கொடுத்தது தவறு, அந்தக் காவலாளியை உடனே வேலைக்குச் சேர்க்கச் சொல்லுங்கள் என்று சொன்னான். சொல்வதைச் சுற்றி வளைக்கவில்லை. அப்புறம் மிச்சம் இருந்த ஆறு வரிகளையும் அடித்துவிட்டுத் தாளை நீட்டினான்.

"இந்த ஒரு வரி போதும். ஆனா சுவத்துல ஒட்டாதே. சுவத்தை எவன் பாக்குறான்? லீவர்லயே கட்டு."

அப்படியே செய்தாள். 'இந்த மெஷினில் பிரேக்கைத் திறந்தால் சக்கரம் தானே ஓடும். கை வைக்காதே.' மஞ்சள் தகட்டில் கறுப்பு எழுத்து. சனிக்கிழமை சோதனைக் கோபுரத்தில் சக்கரம் அசையாதபடி இரும்புப் பிடி போட்டுப் பூட்டிவிட்டு, மெக்கானிக் இருவரை ஒவ்வொருவராக வரச்சொன்னாள். விஷயம் இன்னதென்று சொல்லவில்லை. லிஃப்டை இறக்குங்கள் என்று மட்டும் சொன்னாள். முதலில் வந்தவர் தகட்டைப் படித்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அடுத்தவர் வலது கையால் தகட்டோடு சேர்த்து லீவரைப் பிடித்தார். இடது கை தன் பாட்டுக்குப் போய்ச் சக்கரத்தில் உட்கார்ந்துகொண்டது. பூட்டு மட்டும் இல்லாதிருந்தால் அவருக்கும் விரல் போயிருக்கும். அவருக்கே முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு பேர்ல ஒருத்தர்" என்றார் தலைமைப் பொறியாளர். குத்திக் காட்டுகிற குரலாக இல்லை, அவரும் பயந்துபோயிருந்தார். "போதாதும்மா."

"போதாது சார்" என்று அவள் தகட்டை அவிழ்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வரியை எப்படி எப்படியோ மாற்றிப் பார்த்தாள். பெரிய எழுத்து, சிவப்பு எழுத்து, ஆச்சரியக்குறி. எதிலும் அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

ஞாயிறு காலையில் தம்பியிடம் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவில்லை. "எனக்கும் அப்படித்தான் போயிருக்கும். எழுத்துன்னா கண்ணு தாண்டிப் போயிடும்க்கா. மெஷின் ரூம் பூரா எழுத்துதானே? அபாயம், ஜாக்கிரதை, மண்டை ஓடு. இருபது வருஷமா அதுக்குள்ளதான் நிக்கிறோம்."

"அப்போ எதைப் பாத்தா உன் கை நிக்கும்?"

அவன் யோசித்தான். முந்தின நாள்தான் கட்டை மாற்றி மெல்லிசாகப் போட்டிருந்தார்கள். அவன் இடது கையை மெல்லத் தூக்கி மேஜை மேல் விரித்து வைத்தான்.

"இதை வரைஞ்சுக்கோ."

"வேண்டாண்டா."

"எழுத்துன்னா பாக்காம விட்டுடுவாங்க. இதை விடமாட்டாங்க. நம்ம ஆளுங்க ஒருத்தன் கையைப் பாத்தா என்ன ஆச்சுன்னு கேக்காம இருக்கமாட்டாங்க. வரைக்கா."

அவள் தாளைக் கைக்குக் கீழே நகர்த்தினாள். கட்டைவிரலில் தொடங்கிப் பென்சில் ஓரமாகவே போனது. சுட்டுவிரலில் ஏறியது, ஏறவேண்டிய தூரம் ஏறாமலே திரும்பியது. நடுவிரலிலும் அப்படியே. மோதிரவிரலில் மட்டும் ஒழுங்காக உச்சி வரை போய் இறங்கியது. சின்ன வயதில் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனபோது இதே கையைப் பிடித்திருக்கிறாள். வரைந்து முடியும் வரை அவன் அசையாமல் வைத்திருந்தான்.

திங்கட்கிழமை காலை கோபுரத்துக்கு வந்தவர் கம்பெனியிலேயே மூத்த மெக்கானிக். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். சனிக்கிழமை நடந்தது எதுவும் தெரியாத வெளியூர்க் கிளைக்காரர். வாட்ச்மேன் சுவிட்சைப் போட்டுவிட்டான் என்ற பழைய கதையைத்தான் அவர் கேட்டிருந்தார். தலைமைப் பொறியாளர் ஒரு ஓரமாகவும் அக்கா ஒரு ஓரமாகவும் நின்றார்கள். சக்கரம் பூட்டியிருந்தது. பெரியவர் சிவப்புச் சுவிட்சை இறக்கினார், விசில் அடித்துக்கொண்டே மெஷினுக்கு வந்தார், லீவருக்கு வலது கையையும் சக்கரத்துக்கு இடது கையையும் ஒரே நேரத்தில் நீட்டினார். லீவரில் தொங்கிய மஞ்சள் தகட்டில், அந்த வரிக்கு மேலே, கறுப்பாக ஒரு கை இருந்தது.

விசில் நின்றது. நீட்டிய இரண்டு கைகளும் அந்தரத்திலேயே நின்றன.

"இது யாரு கைம்மா?"

"என் தம்பியோடது" என்றாள் அக்கா.

அவர் தகட்டைத் தூக்கி, கீழே இருந்த வரியை உதடு அசையப் படித்தார். பிறகு இடது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, வலது கையால் மட்டும் லீவரை இழுத்தார்.